சென்னைப் பஞ்சாங்கத்தில் இல்லாத கிரகணம் டர்பனில் தெரிகிறது: ஆகஸ்ட் 28 முகூர்த்தத்தை வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: பீனிக்ஸ் வாசி (டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். என் மகன் டர்பனுக்கு அருகில் வெருலத்தில் வாங்கியிருக்கும் வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் செய்ய நாள் கேட்டு, எங்கள் குடும்பத்துக்குப் பல ஆண்டுகளாக ஜாதகம் பார்த்துவரும் தமிழ்நாட்டுச் சோதிடர் ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தேன். அவர் 2026 ஆகஸ்ட் 28, ஆவணி வெள்ளிக்கிழமை, பௌர்ணமி, சதய நட்சத்திரம், காலை 5:15 முதல் 6:15 வரை சிம்ம லக்னம் (அந்நேரம் கீழ்வானில் உதிக்கும் ராசி சிம்மம்) என்று எழுதி, ஸ்திர (நிலையான) லக்னமாதலால் வீடு நிலைக்கும் என்றும் குறித்து அனுப்பினார். மண்டபம் வேண்டாம், வீட்டிலேயே ஹோமம் என்று முடிவு செய்து, குருக்களுக்கும் சொல்லிவிட்டோம்.

இந்நிலையில் அதே நாள் அதிகாலையில் இங்கே சந்திர கிரகணம் தெரியும் என்று மகனின் நண்பர் ஒருவர் சொன்னார். சோதிடரிடம் கேட்டபோது, அது இந்தியாவில் தெரியாத கிரகணம், பஞ்சாங்கத்தில் அனுஷ்டானம் எதுவும் போடப்படவில்லை, ஆகையால் தோஷமில்லை என்று பதில் வந்தது. ஆனால் வீடு இந்தியாவில் இல்லையே என்ற எண்ணம் என்னை விடவில்லை.

இந்தக் குழப்பம் எங்கள் பகுதிக்குப் புதிதும் அன்று. சென்ற மாசி மாதம் இரண்டு கிரகணங்கள் வந்தன. பிப்ரவரி 17 அமாவாசையன்று நேர்ந்த சூரிய கிரகணம் இந்தியாவில் தெரியவில்லை. இங்கே பிற்பகலில் சூரியனின் சிறு பங்கு மறைந்தது. அன்று எங்கள் தெருவில் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மார்ச் 3 பௌர்ணமியன்று நேர்ந்த சந்திர கிரகணம் தமிழ்நாட்டில் தெரிந்ததால் அங்கே கோவில் நடைகளைச் சாத்தினார்கள் என்று செய்தி வந்தது. உடனே இங்கும் சில வீடுகளில் சமைத்த உணவில் தர்ப்பை போட்டு, பட்டினி இருந்தார்கள். அந்தக் கிரகணம் நடந்த நேரத்தில் நமக்கு நடுப்பகல்.

என் மருமகள் கருவுற்றிருக்கிறாள் என்பதால் வீட்டுப் பெண்களுக்குக் கவலை அதிகம். மகனுக்கு மேஷ ராசி. ஏழரைச் சனி தொடங்கிவிட்டது என்று ஒருவரும், இந்த மார்ச்சில்தான் தொடங்கியது என்று மற்றொருவரும் சொல்கிறார்கள். கோசாரம் (கிரகங்களின் நடப்பு ராசிப் பெயர்ச்சி), கிரகணம், லக்னம் ஆகிய இவற்றுள் எதை இந்தியப் பஞ்சாங்கத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எதை இங்கே கணிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஐயா, உங்கள் ஐயம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. கிரகணத் தீட்டு, ஸ்நானம், தர்ப்பணம், உணவு விலக்கு ஆகிய அனைத்தும் கிரகணம் கண்ணுக்குத் தெரியும் ஊருக்கே உரியவை என்பது தர்மசாஸ்திர நூல்களின் நிலைப்பாடு. மேகம் மறைத்தால் அது விலக்காகாது; ஆனால் சந்திரன் தொடுவானத்துக்குக் கீழே இருக்கும்போது நடப்பது அந்த ஊருக்குக் கிரகணமே ஆகாது. "இந்தியாவில் தெரியாது, ஆகவே அனுஷ்டானம் இல்லை" என்று சென்னைப் பஞ்சாங்கம் போடுவது இதே விதியைப் பின்பற்றித்தான். அந்த வரியை டர்பனுக்குக் கொண்டுவருகிறவர், விதியை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்து வருகிறார்.

ஆகஸ்ட் 28 அன்று சந்திரனைப் பூமியின் கருநிழல் தொடுவது நம் நேரப்படி காலை 4:34. கிரகண மத்தியம் 6:13. அன்று டர்பனில் சூரியோதயமும் சந்திராஸ்தமனமும் ஏறக்குறைய 6:15க்கு நிகழ்கின்றன. அதாவது சந்திர பிம்பத்தின் விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மறைந்திருக்கும் நிலையில், கிரகணம் உச்சத்தில் இருக்கும்போதே, சந்திரன் மேற்கே மறைந்துவிடும். நிழல் முற்றிலும் விலகுவது 7:52. அது நமக்குத் தெரியாது. பிடிபட்டபடியே அஸ்தமிக்கும் இதனைக் கிரஸ்தாஸ்தமனம் என்பார்கள். மார்ச் 3 அன்று சென்னையில் நடந்தது இதற்கு நேர்மாறான கிரஸ்தோதயம்: அங்கே சந்திரன் பிடிபட்டபடியே மாலையில் உதித்து, சுமார் அரை மணி நேரத்தில், 6:47க்கு விடுபட்டது. அப்போது இங்கே பிற்பகல் 3:17. டர்பனில் அன்று சந்திரன் உதிக்கவே இன்னும் சில மணி நேரம் இருந்தது.

ஆகவே உங்கள் சோதிடர் கொடுத்திருக்கும் 5:15 முதல் 6:15 வரை என்பது, டர்பனைப் பொறுத்தவரை முழுக்க முழுக்கக் கிரகண காலத்துக்குள்ளேயே விழுகிறது. ஜபத்துக்கும் தானத்துக்கும் அதைவிட மேலான நேரம் இல்லை என்று சொல்லப்படும் அதே வேளை, சுபகாரியத்துக்கு விலக்கப்பட்ட வேளை.

அடுத்து லக்னம். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. சென்னையில் அன்று சிம்ம லக்னம் ஏறக்குறைய 5:16க்குத் தொடங்கி 7:19 வரை இருக்கும். உங்கள் சோதிடர் குறித்த நேரம் சென்னைக்குச் சரியானதே. டர்பனில் அதே கடிகார நேரமான 5:15க்கு ஓடிக்கொண்டிருப்பது கடக லக்னம். அது சர (நிலையற்ற, நகரும்) ராசி. சிம்மம் இங்கே தொடங்குவது 5:45க்குப் பிறகு, முடிவது 7:15 அளவில். சென்னையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் சிம்மம் இங்கே ஒன்றரை மணி நேரம்கூட நிற்பதில்லை. கும்பமோ சென்னையில் 1 மணி 42 நிமிடம், டர்பனில் 2 மணி 20 நிமிடம். நாம் தென் அட்சரேகை 30 பாகை அளவில் இருப்பதால், அங்கே மெதுவாக உதிக்கும் ராசிகள் இங்கே விரைவாகவும், விரைவாக உதிப்பவை மெதுவாகவும் உதிக்கின்றன. எனவே மூன்றரை மணி நேரத்தைக் கூட்டிக் கழித்து லக்னத்தை மாற்றிக்கொள்ள முடியாது. ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொண்டு புதிதாகக் கணித்தே ஆக வேண்டும்.

கிரகணத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்த லக்னத்தை நான் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன். அன்று சூரியனும் கேதுவும் சிம்மத்தில், அதாவது லக்னத்திலேயே இருக்கிறார்கள். சந்திரன் ராகுவோடு ஏழாம் இடத்தில். சென்னைக்கே இது சிறந்த முகூர்த்தமா என்று சோதிடரிடம் மரியாதையோடு கேட்டுப் பார்க்கலாம்.

உணவு விலக்கு குறித்து: சந்திர கிரகணத்துக்கு மூன்று யாமம், அதாவது ஒன்பது மணி நேரம் முன்னிருந்து உண்ணலாகாது என்பது பொது விதி. அதன்படி 27ஆம் தேதி இரவு 7:30க்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ள வேண்டும். பிடிபட்டபடி அஸ்தமித்தால், மறுபடி உதிக்கும் தூய பிம்பத்தைக் கண்ட பின்பே உணவு என்று கடுமையாகச் சொல்லும் நூல்கள் உண்டு. இல்லறத்தார் பலர் கணிதப்படி விடுபடும் 7:52க்குப் பின் குளித்துவிட்டு உண்கிறார்கள். குழந்தைகள், முதியோர், நோயாளிகள், கருவுற்றோர் ஆகியோருக்கு இந்தப் பட்டினி கிடையாது. உங்கள் மருமகள் பசித்தால் சாப்பிடட்டும், மருந்து இருந்தால் தவறாமல் எடுத்துக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருப்பது நம் வழக்கம். ஆகஸ்ட் மாத விடியற்காலைக் குளிரில் அது எளிதும்கூட.

பதில் 2: போர்ட் லூயி வாசகி (மொரிசியஸ்)

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்துக்கு எங்கள் தீவிலிருந்து ஒரு சான்று தருகிறேன். அதே ஆகஸ்ட் 28 அன்று போர்ட் லூயியில் சந்திரன் காலை 6:20 அளவில் அஸ்தமித்துவிடும். கருநிழல் தொடும் வேளை எங்கள் கடிகாரத்தில் 6:34. ஆக, கால் மணி நேர வித்தியாசத்தில் எங்களுக்கு அனுஷ்டானம் இல்லை. நம் இரு ஊர்களும் ஒரே இந்தியப் பெருங்கடலின் கரையில் இருந்தும், ஒன்றுக்கு உண்டு, மற்றொன்றுக்கு இல்லை.

சனிப்பெயர்ச்சியின் கதை வேறு. ஒரு கிரகம் ஒரு ராசியின் எல்லையைக் கடப்பது உலகம் முழுவதற்கும் ஒரே கணம். அது சென்னையிலும் டர்பனிலும் யாங்கோனிலும் ஒரே நேரத்தில்தான் நிகழ்கிறது. கடிகாரம் காட்டும் எண் மட்டுமே மாறும். இந்திய நேரத்திலிருந்து நீங்கள் மூன்றரை மணி நேரத்தையும், நாங்கள் ஒன்றரை மணி நேரத்தையும் கழித்துக்கொண்டால் போதும். இரண்டரை ஆண்டு ஒரு ராசியில் தங்கும் சனிக்கு அந்தக் கழித்தல்கூடப் பொருட்டில்லை. கோசார பலன் ஜன்ம ராசியிலிருந்து எண்ணப்படுவது. எந்த ஊரில் வசிக்கிறீர்கள் என்பது அதில் நுழைவதே இல்லை.

உங்கள் மகன் விஷயத்தில் இருவர் இருவிதமாகச் சொல்வதற்குக் காரணம் ஊரல்ல, பஞ்சாங்கம். இன்றைய வானியல் கணிப்பைக் கொண்ட திருக்கணிதப்படி சனி கும்பத்திலிருந்து மீனத்துக்கு வந்தது 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. மேஷத்துக்கு மீனம் பன்னிரண்டாம் இடமாதலால், முதல் கணக்கில் ஏழரை தொடங்கி ஓராண்டு கடந்துவிட்டது. இரண்டாம் கணக்கில் இப்போதுதான் விரயச் சனி வாசலில் நிற்கிறார். இதற்கு முந்தைய பெயர்ச்சியிலும் இதே இழுபறி: திருக்கணிதம் 2023 ஜனவரி 17 என்றது, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் 2023 டிசம்பர் 20 அன்று விழா நடந்தது.

இவற்றுள் வானத்தோடு ஒத்துப்போவது எது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. வாக்கியம் நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த சூத்திரங்களை மனப்பாட வாக்கியங்களாக்கி, அவற்றைக் கொண்டு கிரக நிலையைச் சொல்வது. சந்திரனுக்கு வரருசியின் 248 வாக்கியங்கள் புகழ்பெற்றவை. அந்த முறை உருவான காலத்தில் வியப்புக்குரிய துல்லியம் அதற்கு இருந்தது. ஆனால் குருவும் சனியும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் ஏறக்குறைய 900 ஆண்டுச் சுழற்சியில் அவற்றின் வேகம் கூடிக் குறைவதை லாப்லாஸ் 1785இல்தான் விளக்கினார். பழைய சூத்திரங்களில் அதற்கு இடமில்லை. வாக்கியப்படி சனி மீனத்துக்குள் காலடி வைத்த 2026 மார்ச் 6 அன்று, ராசிகளின் தொடக்கத்தைக் குறிக்க இந்தியாவில் பரவலாகக் கொள்ளப்படும் லாகிரி அயனாம்சத்தின்படி வானத்துச் சனி மீனத்தில் எட்டுப் பாகையைத் தாண்டி நின்றது. ஆலய விழாவுக்குக் கோவில் மரபு எதுவோ அதைப் பின்பற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. ஜாதகத்துக்குத் திருக்கணிதத்தையே கொள்வேன். ஒருவருடைய ஜாதகத்தைத் திருக்கணிதத்தில் எழுதி, கோசாரத்தை வாக்கியத்தில் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். உங்கள் வீட்டில் அது நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: சாட்ஸ்வொர்த் இளைஞர் (டர்பன்)

மூத்தவர்கள் சொன்னதோடு ஒரு நிகழ்வைச் சேர்க்கிறேன். 2025 செப்டம்பர் 7 அன்று நேர்ந்த முழுச் சந்திர கிரகணம் சென்னையிலும் டர்பனிலும் தெரிந்தது. சென்னையில் அது இரவு 9:57க்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி 1:27 வரை நீடித்தது. டர்பனில் மாலை 6:27 முதல் இரவு 9:57 வரை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் இந்திய நாள்காட்டியில் அச்சான நேரத்தைப் பார்த்து, கிரகணம் நடந்துகொண்டிருந்தபோது நிதானமாக இரவு உணவை முடித்துவிட்டு, நிழல் முற்றிலும் விலகிய அதே நிமிடத்தில் விளக்கேற்றி ஜபத்தில் உட்கார்ந்தார்கள். முற்றத்துக்கு வந்து ஒரு முறை மேலே பார்த்திருந்தால் முழு நிலா தெரிந்திருக்கும்.

இராகு காலத்திலும் இதே நிலைதான். திங்கட்கிழமை 7:30 முதல் 9 வரை என்று நாம் ஒப்பிப்பது, ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறையும் சூரியனுக்கு உரிய கணக்கு. பகற்பொழுதை எட்டாகப் பிரித்துத்தான் அதைப் பெற வேண்டும். டர்பனில் டிசம்பர் மாதப் பகல் 14 மணி நேரம், ஜூன் மாதப் பகல் 10 மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். ஆகவே டிசம்பர்த் திங்களில் இராகு காலம் ஏறக்குறைய 6:30 முதல் 8:15 வரையும், ஜூன் திங்களில் 8:05 முதல் 9:20 வரையும் வரும்.

எனக்குள்ள ஐயம் ஒன்று. அனுஷ்டானம் தெரியும் ஊருக்கு என்பது புரிகிறது. ஆனால் சதயத்தில் கிரகணம் பிடிக்கும்போது சதயத்தில் பிறந்தவருக்குத் தோஷம் என்கிறார்களே, அதுவும் ஊரைப் பொறுத்ததா? மேலும், நமக்குப் பருவங்கள் தலைகீழாக இருப்பதால், தை மாதம் கோடையாகவும் ஆடி குளிராகவும் வருகிறது. ராசிகளையும் தலைகீழாக்க வேண்டும் என்று இணையத்தில் சிலர் எழுதுகிறார்களே?

பதில் 4: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தம்பி, இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நம் சோதிடம் நிராயனம். ராசிகள் நட்சத்திரங்களோடு கட்டப்பட்டவை, பருவத்தோடு அல்ல. அசுவினி இங்கிருந்து பார்த்தாலும் அசுவினிதான். தலைகீழாக்க ஒன்றுமில்லை.

முதல் கேள்வி கனமானது. கிரகணத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. சந்திரன் ராகுவோ கேதுவோ நிற்கும் பாகையை நெருங்கிப் பௌர்ணமியில் நிற்பது கோசாரம். அது உலகுக்கு ஒன்று. அந்த நிழல் ஓர் ஊரின் வானத்தில் கண்ணுக்குத் தெரிவது அந்த ஊரின் நிகழ்ச்சி. பலன் சொல்லும் பழைய நூல்கள் நாட்டுக்கும் அரசுக்கும் கூறும் கிரகண பலனைத் தெரியும் நிலப்பகுதிக்கே பெரிதும் சார்த்துகின்றன. தனி மனிதருக்குச் சொல்லப்படும் நட்சத்திர தோஷத்துக்கும், பட்டம் கட்டுதல் (மந்திரம் எழுதிய ஓலையை நெற்றியில் கட்டுவது), சாந்தி, தானம் ஆகிய பரிகாரங்களுக்கும் தெரியும் ஊரில் வசிப்பதையே அடிப்படையாகக் கொள்வது வழக்கம். ஆகவே வரும் ஆகஸ்டில் டர்பனில் இருக்கும் சதயத்தார் சாந்தி செய்துகொள்ளலாம். சென்னையில் இருப்பவருக்குத் தேவையில்லை. ஜன்ம நட்சத்திரத்துக்கு முன்பின் உள்ள அவிட்டம், பூரட்டாதியையும், பத்தாம், பத்தொன்பதாம் நட்சத்திரங்களான திருவாதிரையையும் சுவாதியையும் சேர்த்துக்கொள்வார்கள்.

இதில் அச்சத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும் என்பதில் என் கருத்து வேறு. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில், சந்திரன் பூமியின் நிழலில் புகுவதே சந்திர கிரகணம், சந்திரன் சூரியனை மறைப்பதே சூரிய கிரகணம் என்று எழுதிவிட்டு, அதே அத்தியாயத்தில் பலனையும் விரிவாகக் கூறுகிறார். காரணம் தெரிந்தவர்தான் பலனும் சொன்னார். ராகு விழுங்குகிறான் என்று குழந்தைகளைப் பயமுறுத்துவதற்கு நம் சாஸ்திரத்தைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை.

பதில் 5: பீனிக்ஸ் வாசி (டர்பன்)

ஆசிரியர் ஐயாவுக்கும், போர்ட் லூயி அம்மையாருக்கும், தம்பிக்கும் நன்றி. ஆகஸ்ட் 28ஐக் கைவிடுவதென்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம். நீங்கள் எழுதியதைச் சோதிடருக்கும் அனுப்பினேன். அவர் வருத்தப்படாமல், ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, நேர மண்டலம் மூன்றையும் அனுப்பினால் மறுபடி கணித்துத் தருவதாகச் சொன்னார். இதுவரை நானும் அவற்றை அனுப்பியதில்லை, அவரும் கேட்டதில்லை.

இனி எஞ்சியிருக்கும் சிக்கல் மாதம்தான். கிரகணத்தை ஒட்டிச் சில நாட்களை விட வேண்டும். அதன் பின் தேய்பிறை. பிறகு புரட்டாசி வந்துவிடும். புரட்டாசியில் எங்கள் வீடுகளில் விரதம் தவிர வேறு பேச்சே இருக்காது, புதுமனை புகுவதும் இல்லை. ஐப்பசி வளர்பிறை வரை காத்திருந்தால் மருமகளுக்குப் பேறு காலம் நெருங்கிவிடும். ஆவணி வளர்பிறையிலேயே கிரகணத்துக்கு முன்னதாக ஒரு நாள் கிடைக்குமா?

பதில் 6: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தேடிப் பார்க்கலாம். சூரியன் சிம்மத்துக்குள் வருவது ஆகஸ்ட் 17. கிரகணத்துக்கு முன் மூன்று நாட்களை ஒதுக்கினாலும் 24ஆம் தேதி வரை வளர்பிறையில் ஒரு வாரம் கையில் இருக்கிறது. விருச்சிக லக்னத்தையும் பரிசீலிக்கச் சொல்லுங்கள்: அதுவும் ஸ்திர ராசி, அந்த நாட்களில் டர்பனில் முற்பகலில் உதிக்கும், விருந்தினர் வரவும் வசதி. குரு ஜூன் 2 முதல் கடகத்தில் உச்சம் பெற்றிருப்பதால், விருச்சிகத்துக்கு ஒன்பதாம் இடத்திலிருந்து லக்னத்தையே பார்ப்பார். சோதிடருக்கு அனுப்ப வேண்டியவை: வெருலம், தெற்கு 29 பாகை 39 கலை, கிழக்கு 31 பாகை 3 கலை, உலகப் பொது நேரத்துக்கு 2 மணி முன்னே. மகனுடைய நட்சத்திரத்தையும் மருமகளுடைய நட்சத்திரத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். தாராபலம் (நட்சத்திரப் பொருத்தம்), சந்திரபலம் (சந்திரன் நிற்கும் ராசியின் பொருத்தம்) இருவருக்கும் பார்க்க வேண்டும்.